நிறம் போச்சு, உப்பு போச்சா?

சாயத்தண்ணீர் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

சென்னிமலைப் பக்கம் சின்னதாகச் சாயப்பட்டறை வைத்திருக்கிறேனுங்க. ஒருத்தர் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) தூள் விற்க வருகிறார், கலக்கிவிட்டால் தண்ணீர் தெளிந்துவிடுமாம், ஆர்.ஓ. (உப்பை வடிக்கும் சவ்வு வடிகட்டி) வேண்டியதில்லையாம். நம்பலாமா?

தெளியும் என்பது நிஜம்தானுங்க. காமா அலுமினா போன்ற நுண்துளை ஆக்சைடில் ஒரே கிராமுக்கு 150 முதல் 300 சதுர மீட்டர் வரை மேற்பரப்பு இருக்கும், சாய மூலக்கூறுகள் துளைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அவர் சொல்லாமல் விட்டது உப்பை. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற நீங்கள் தொட்டியில் கொட்டுகிற சாதா உப்போ கிளாபர் உப்போ துணியில் தங்குவதில்லை, அத்தனையும் கழிவில்தான் வரும், அதில் சோடியத்தையும் குளோரைடையும் இந்தத் தூள் ஏறெடுத்தும் பார்க்காது. நொய்யல் ஆறும் அதன் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதில் நிறத்தைவிட உப்புக்குப் பங்கு அதிகம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு அத்தனை பேரும் ஆர்.ஓ., ஆவியாக்கி என்று பணத்தைக் கொட்டியது சும்மா இல்லை. அவரை உங்கள் பட்டறைத் தண்ணீரிலேயே கலக்கச் சொல்லி, முன்னும் பின்னும் டி.டி.எஸ். மீட்டரை (கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது) விட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்ற வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது.

பெருந்துறையில் படிக்கிறேன். நான் தயாரித்த இரும்பு ஆக்சைடு, மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கிட்டத்தட்ட முழுசாக எடுக்கிறது. பட்டறைத் தண்ணீரில் ஒன்றுமே நடக்கவில்லை. ஏன் சார்?

மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம், ரியாக்டிவ் சாயங்கள் சல்ஃபோனேட் என்ற எதிர்மின் தொகுதி தொங்கும் எதிர்மின் சாயங்கள். ஆக்சைடின் மேற்பரப்போ தண்ணீரின் பி.எச்.சை (அமில, கார அளவை) பார்த்து மின்னூட்டத்தை மாற்றிக்கொள்ளும்: இரும்பு ஆக்சைடுக்கும் அலுமினாவுக்கும் ஏறக்குறைய 7 முதல் 9 வரை ஒரு புள்ளி இருக்கிறது, அதற்குக் கீழே நேர்மின், மேலே எதிர்மின். சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போட்ட பட்டறைத் தண்ணீர் 10, 11 என்று நிற்கும், அங்கே உங்கள் தூளும் சாயமும் ஒன்றையொன்று தள்ளிவிடும். அமிலம் விட்டு 6 பக்கம் இறக்கிப் பாருங்கள். அப்போதும் சல்ஃபேட்டும் கார்பனேட்டும் இடத்துக்குப் போட்டி போடும், கிளாபர் உப்பே சோடியம் சல்ஃபேட்தானே. அப்புறம் துளையின் அளவு: 2 நானோமீட்டருக்குக் குறைவான துளைக்குள் பெரிய ரியாக்டிவ் மூலக்கூறு நுழையத் திணறும், 2 முதல் 50 வரை உள்ளவைதான் தோது. மெத்திலீன் நீலத்தை மட்டும் வைத்து எழுதுகிற ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன, நீங்களாவது அசல் கழிவில் செய்கிறீர்களே, விடாதீர்கள்.

சாயம் ஏறிய தூளைச் சுட்டால் மறுபடி பயன்படுமா?

400, 500 டிகிரியில் சாயம் எரிந்துவிடும், அலுமினா மிஞ்சும். செம்பு கலந்த சாயமென்றால் அந்தச் செம்பு தூளிலேயே தங்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் துளைகள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவதால் பிடிக்கும் சக்தியும் குறையும். பாய்லரில் விறகோடு தள்ளுவதோ, வாய்க்கால் ஓரம் கொட்டுவதோ கூடவே கூடாது, அதை அபாயகரக் கழிவாகவே கையாள வேண்டும்.

டைட்டானியம் ஆக்சைடு போட்டு வெயிலில் வைத்தால் போதும் என்கிறார்களே?

நம்மூர் வெயிலைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் அனடேஸ் என்ற அதன் படிக வகை சாயத்தைச் சிதைக்கச் சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளி வேண்டும், வெயிலில் அது நூற்றுக்கு ஐந்து பங்குக்குள்தான். அடர் சாயத்தண்ணீரில் ஒளி உள்ளேயே இறங்காது. கடைசியாக மிஞ்சும் லேசான நிறத்துக்குச் சரி. உப்புக்கு? அதே பதில்தான்.

கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது, இந்தத் தூளைப் போட்டுக் குடிக்கலாமா?

வேண்டாமுங்க. முதலில் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.