அக்கா வீட்டுப் புல்லுக்குச் சுண்ணாம்பு, உங்கள் புல்லுக்கு அன்னபேதி

கேள்வி: சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் வீடு கட்டி மூன்று வருடம் ஆகிறது. வாசல் பக்கம் 600 சதுர அடியில் கொரியன் புல் போட்டிருக்கிறோம். ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா வீட்டுப் புல்தரை பச்சைப் பசேலென்று இருக்கும். அவர் வருடாவருடம் சுண்ணாம்பு தூவுவதாகச் சொன்னதால், பொங்கல் முடிந்ததும் நாங்களும் 20 கிலோ நீற்றிய சுண்ணாம்பு தூவினோம். தை கடைசியிலிருந்து புல் மஞ்சளடித்து வருகிறது. யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் ஹோஸ் பிடித்து போர் தண்ணீர் விடுகிறோம். போன ஐப்பசியில் மூன்று இடத்தில் வட்டமாகக் காய்ந்தது, இன்னும் மூடவில்லை. கோரையும் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு வேறு புல் போட்டுவிடலாமா?

பதில்: பெயர்க்க வேண்டாம். மண்ணும் தண்ணீரும் இப்படியே இருந்தால் புதிதாகப் போடும் புல்லுக்கும் இதே கதிதான் வரும். அக்கா சொன்னதில் தப்பில்லை, அது அவருடைய மண்ணுக்குச் சரி. ஏற்காட்டில் வருடக்கணக்காகப் பெய்யும் மழை மண்ணிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அலசிக்கொண்டு போய்விடுவதால் அங்கே மண் புளித்து, அதாவது அமிலத்தன்மையோடு கிடக்கும். காபித் தோட்டக்காரர்கள் சுண்ணாம்பு போடுவதும் அதற்காகத்தான். நீங்கள் இருப்பதோ வெள்ளைக்கல் பூமி. உங்களுக்குப் பக்கத்துக் குன்றுகளில் வெட்டியெடுக்கும் மாக்னசைட், மக்னீசியம் கார்பனேட்தான். மண் ஏற்கெனவே காரம், அதாவது அமிலத்துக்கு நேர் எதிர்க் குணம். பாத்ரூம் டைல்ஸிலும் வாளியிலும் படியும் வெள்ளைப் பொருக்கைப் பாருங்கள், தண்ணீரும் அதே குணம். அந்த இடத்தில் இன்னும் 20 கிலோ சுண்ணாம்பு விழுந்தால், புல்லுக்கு இரும்புச்சத்து கிடைக்கும் வழி அடைபட்டுவிடும்.

செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், இருந்தும் மண் காரமானால் அந்த இரும்பு கரையாது. கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். ஒரு தண்டைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பாருங்கள். நுனியிலுள்ள இளம் இலையில் நீளவாக்கில் பச்சைக் கோடும் மஞ்சள் கோடும் மாறிமாறித் தெரிந்து, அடி இலை பச்சையாகவே இருந்தால் இரும்புக் குறை. அடி இலை முதலில் முழுசாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. யூரியா போட்டும் நிறம் திரும்பவில்லை என்பதால் முதலாவதுதான் என்று நினைக்கிறேன்.

மருந்து எளிது. உரக்கடையில் அன்னபேதி உப்பு (பெரஸ் சல்பேட்) கேளுங்கள். இளம்பச்சை நிறக் கற்கண்டு போல இருக்க வேண்டும். பழுப்பேறிப் பொடியாகிப்போனது வேலை செய்யாது, வாங்காதீர்கள். 6 லிட்டர் தண்ணீருக்கு முதலில் 6 கிராம் சிட்ரிக் அமிலம் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கொடுப்பார்கள்) போட்டுக் கரைத்து, அதன் பிறகு 30 கிராம் அன்னபேதியைக் கரையுங்கள். வரிசையை மாற்றினால் போர் தண்ணீரின் காரத்தில் அன்னபேதி துருவாகி அடியில் படிந்துவிடும். மழைத்தண்ணீர் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வது மேல். கலந்த உடனே கைத்தெளிப்பானால் இலை நனைய அடியுங்கள். 600 சதுர அடிக்கு இந்த 6 லிட்டர் போதும். வெயில் தாழ்ந்து, மாலை 5 மணிக்கு மேல் அடிக்க வேண்டும். அன்று தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். நடைபாதைக் கல்லிலும் சிமென்ட் தரையிலும் பட்டால் போகாத துருக்கறை விழும், சாக்கு விரித்து மூடிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு மூலையில் மட்டும் அடித்து மூன்று நான்கு நாள் பாருங்கள். அங்கே மட்டும் பச்சை கட்டினால் கணிப்பு சரி. பிறகு முழுத் தரைக்கும் 12 நாள் இடைவெளியில் மூன்று முறை அடிக்கலாம். அன்னபேதியை மண்ணில் தூவினால் பலன் இருக்காது, காரமண் அதையும் பூட்டிவிடும். இலைவழியாக மட்டுமே கொடுங்கள்.

சுண்ணாம்பு இன்னும் மேலே திட்டாகத் தெரிந்தால் ஈர்க்குமாறால் கூட்டி அள்ளிவிடுங்கள். ஜிப்சம், கந்தகம் என்று யார் எதைச் சொன்னாலும், மண்ணையும் போர் தண்ணீரையும் பரிசோதித்த பிறகே போடுங்கள். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ விசாரிக்கலாம். புல்தரையில் ஐந்தாறு இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொண்டுபோங்கள். தண்ணீரை, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடிக்க வேண்டும்.

அடுத்தது நீங்கள் தண்ணீர் விடும் முறை. மஞ்சளுக்கு அடுத்தபடியாக எனக்குக் கவலை தருவது இதுதான். உங்கள் ஹோஸில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொண்டால் பத்து நிமிடத்துக்கு 150 லிட்டர். அதை 56 சதுர மீட்டரில் பரப்பினால் மூன்று மில்லிமீட்டர்கூட நிற்காது. ஓர் அங்குல மண்கூடச் சரியாக நனையாது. மறுநாள் மதியத்துக்குள் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் மேலே தங்கும். ஈரம் மேலேயே இருப்பதால் வேரும் மேலேயே சுருண்டுகொள்ளும். சித்திரை வெயிலில் முதலில் கருகுவது இப்படிப்பட்ட புல்தான்.

தினப்படி பாசனத்தை நிறுத்திவிட்டு, மார்ச் முதல் மே வரை வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 850 லிட்டர் விடுங்கள். உங்கள் ஹோஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒரே நாளில் மாற்றாமல், ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு வாரத்தில் பழக்குங்கள். விடியற்காலையில் விடுவது நல்லது. சாயங்காலம் விட்டால் இரவெல்லாம் இலை ஈரமாக இருந்து, மழைக்காலத்தில் பூஞ்சாணம் பிடிக்கும். பாய்ச்சி முடிந்ததும் ஒரு நீளமான திருப்புளியைக் குத்திப் பாருங்கள். 12 சென்டிமீட்டர் சுலபமாக இறங்கினால் போதும். ஓரிடத்தில் மட்டும் நான்கு சென்டிமீட்டரிலேயே கடக்கென்று முட்டினால், கீழே வீடு கட்டியபோது போட்ட செங்கல், சிமென்ட் இடிபாடு கிடக்கிறது என்று அர்த்தம். அதைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டும். சிமென்ட் கட்டியும் மண்ணைக் காரமாக்கிக்கொண்டே இருக்கும்.

ஆர்ஓ கழிவுத் தண்ணீரைப் புல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். போர் தண்ணீரின் உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கும். மொட்டைமாடி மழைநீர்தான் உங்கள் புல்லுக்கு நல்ல தண்ணீர்: 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வரும் மழையைத் தொட்டியில் பிடித்தது போக, வழியும் நீரைப் புல்தரையில் விட்டால் தேங்கிய உப்பு கீழே இறங்கிவிடும்.

வட்டமாகக் காய்ந்த இடத்துக்கு வருவோம். அங்கே புல்லைக் கையால் இழுத்தபோது பாய் போலச் சுருண்டு வந்ததா? மைனாவும் காக்கையும் அங்கேயே கொத்திக்கொண்டிருந்தனவா? அப்படியானால் வேர்ப்புழு. ஆங்கில ‘C’ எழுத்துப் போல வளைந்து, வெள்ளை உடலும் பழுப்புத் தலையுமாக இருக்கும். முதல் கோடை மழை பெய்த இரவுகளில் மண்ணிலிருந்து வண்டுகள் கிளம்பி வேப்பமரத்தில் ஏறித் தழை தின்னும், பிறகு மண்ணில் முட்டையிடும். ஆடியிலிருந்து ஐப்பசி வரை புழு வேரைக் கடிக்கும். மக்காத சாணத்தைப் புல்தரையில் பரப்புவது அதற்கு விருந்து வைப்பது போல. எருவென்று நம்பி வாங்கும் மூட்டைகளில் பாதி பச்சைச் சாணமாகவே இருக்கிறது. முகர்ந்து பார்த்து, சாண வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது புழு இருக்காது, கூட்டுப்புழுவாகவோ வண்டாகவோ ஆழத்தில் இருக்கும். ஆகவே மருந்து ஊற்றிக் காசைக் கரைக்க வேண்டாம். கோடை மழை பெய்த அன்று இரவு ஏழரை மணிக்கு மேல் பக்கத்து வேப்பங்கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளைச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். ஆனி, ஆடியில் ஒரு சதுர அடிப் புல்லை மூன்று பக்கம் வெட்டித் தூக்கிப் பாருங்கள். ஐந்துக்கு மேல் புழு இருந்தால், மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணப் பொடி 100 கிராமை 10 கிலோ மக்கிய எருவில் கலந்து, ஈரமண்ணில் மாலையில் தூவித் தண்ணீர் தெளியுங்கள்.

கோரைக்குக் களைக்கொல்லி வேண்டாம். கிளைபோசேட் அடித்தால் புல்லும் சேர்ந்து போகும். மேலே பிடித்து இழுத்தால் தழை கையோடு வரும், கிழங்கு கீழே நிற்கும். சங்கிலி போலக் கோத்திருக்கும் கிழங்கில் ஒன்று அறுந்தாலும் மற்றவை உசுப்பிவிட்டது போல முளைக்கும். தண்ணீர் விட்ட மறுநாள், குறுகலான களைக்கொத்தை 15 சென்டிமீட்டர் இறக்கி நெம்பி, கிழங்கோடு எடுங்கள். முளைத்த செடி மூன்று வாரத்தில் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். அதனால் 15 நாளுக்கு ஒருமுறை விடாமல் எடுத்தால்தான் கிழங்கு இளைக்கும். 600 சதுர அடிக்கு இது ஒரு மழைக்காலத்து வேலை.

கோடை முடியும்வரை யூரியாவைத் தொடாதீர்கள். ஜூன், ஜூலையில் இரண்டு மழை பெய்த பிறகு, புல் மெத்து மெத்தென்று திண்டு கட்டியிருந்தால் கம்பி வாரியால் அடர்ந்த காய்ந்த தண்டுகளை வாரி எடுங்கள். கொரியன் புல் மூன்றாவது வருடத்தில் இப்படித் திண்டு கட்டும். தண்ணீர் அதற்கு மேலேயே நின்றுவிடும். பிறகு முள் மண்வெட்டியால் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஒரு சாண் இடைவெளியில் துளை போட்டு, சலித்த எருவும் மணலும் சரிபாதி கலந்து அரை சென்டிமீட்டருக்குப் பரப்புங்கள். மொத்தம் எட்டு சிமென்ட் சாக்கு பிடிக்கும். எம்-சாண்ட் என்றால் கல்மாவை அலசிவிட்டுப் போடுங்கள், மாவு துளையை அடைத்துவிடும். அதோடு 900 கிராம் அம்மோனியம் சல்பேட் தூவி உடனே தண்ணீர் விடுங்கள். உங்கள் காரமண்ணுக்கு யூரியாவைவிட இது நல்லது. செப்டம்பரில் இன்னொரு முறை. மார்கழி, தையில் வளர்ச்சி மந்தமாக இருக்கும், உரம் வேண்டாம், தண்ணீரும் பத்து நாளுக்கு ஒருமுறை போதும்.

வெட்டும்போது இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கோடையில் 4 சென்டிமீட்டர் விடுங்கள், மழைக்காலத்தில் 3. வெட்டிய மறுநாள் நுனியெல்லாம் வெளுத்து நார்நாராகத் தெரிந்தால் கத்தி மழுங்கிவிட்டது.

காய்ந்த வட்டங்களைக் கோடை மழைக்குப் பிறகு ஒட்டுங்கள். செத்த வேரையும் மேல் 8 சென்டிமீட்டர் மண்ணையும் எடுத்துவிட்டு, சுண்ணாம்பு படாத செம்மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, நன்றாக இருக்கும் ஓரத்திலிருந்து உள்ளங்கை அகலத் துண்டுகளை வெட்டி, நான்கு விரல் இடைவெளியில் பதித்து மிதித்துவிடுங்கள். இந்த இடங்களுக்கு மட்டும் பத்து நாள் தினமும் தெளிக்க வேண்டும். கொரியன் புல் மெதுவாகவே படரும், மூடுவதற்குத் தீபாவளி ஆகிவிடும். மாமர நிழல் விழும் இடமானால் அங்கே அது மூடவே மூடாது; நிழல் தாங்கும் எருமைப்புல் வையுங்கள்.

அக்காவிடமும் ஒன்று சொல்லுங்கள்: அவரும் சுண்ணாம்பைப் பழக்கத்தில் போடாமல், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மண்ணைப் பரிசோதித்துவிட்டுப் போடட்டும். போட்டால், யூரியாவுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும். சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும்.