தேனீக்கள் முருங்கைக்கே போவது ஏன்?

வணக்கம் ஐயா. தர்பூசணி பூப்பதற்கு ஒரு வாரம் முன்பே, மகரந்தச் சேர்க்கைக்காக வயலில் தேனீப் பெட்டிகளை வைத்தும், தேனீக்கள் பக்கத்து முருங்கைத் தோட்டத்துக்கே பறக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். பெட்டியில் கோளாறு இருக்காது. வைத்த நேரம்தான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

நல்ல பூந்தேனைக் கண்ட தேனீ, கூட்டுக்குத் திரும்பி நடனமாடும். திசை, தூரம் இரண்டும் அந்த ஆட்டத்திலேயே இருக்கும் (இதைக் கண்டுசொன்ன கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது). தேன் இனிக்க இனிக்க ஆட்டமும் நீளும், கிளம்புகிற கூட்டமும் பெருகும். அப்புறம், ஒரு பூவில் பழகிய தேனீ அது வற்றும்வரை லேசில் மாறாது. உங்கள் பெட்டிகள் வந்த அன்று வயலில் பூ இல்லை, முருங்கையில் இருந்தது. அவை அன்றே முடிவெடுத்துவிட்டன.

முடிந்தால், இந்த முருங்கையைப் பழகாத தேனீக்களாக, தூரத்து ஊரிலிருந்து வேறு பெட்டிகளை மாற்றித் தரும்படி பெட்டி கொடுத்தவரிடம் சொல்லுங்கள். பத்தில் ஒரு பங்கு பூத்த பிறகு, இருட்டியதும் வயலிலேயே இறக்குங்கள். தர்பூசணிப் பூ காலையில் விரிந்து மதியத்துக்குமேல் மூடிவிடும். அதனால் காலையில் மருந்து மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள்.