மனிதர்கள் மேல் இன்னும் நம்பிக்கை வைக்கலாமா?

தினமும் மோசடி, கொலைச் செய்திகளாகப் படித்துவிட்டு நிறையப் பேர் கேட்கிற கேள்வி இது. வைக்கலாம் என்பதுதான் என் பதில்.

மனிதர்கள் மேல் நம்பிக்கை என்றால் எல்லாரும் நல்லவர்கள் என்று நினைப்பதல்ல. முன்பின் தெரியாதவர் பெரும்பாலும் நமக்குக் கெடுதல் செய்யமாட்டார் என்கிற எதிர்பார்ப்பு, அவ்வளவுதான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 40 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களை வங்கி, ஹோட்டல், காவல் நிலையம் போன்ற இடங்களில் "கீழே கிடந்தது, நீங்களே பார்த்துக் கொடுத்துடுங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். உள்ளே சொந்தக்காரரின் விசிட்டிங் கார்டு, மளிகைச் சீட்டு, ஒரு சாவி. சிலவற்றில் மட்டும் பணம். பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? பணமிருந்தால் பர்ஸ் அதிகம் திரும்பி வரும் என்று பொருளாதார நிபுணர்களும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பணமில்லாத பர்ஸ்களில் சுமார் 40 சதவீதத்துக்குத்தான் "பர்ஸ் இங்கே இருக்கிறது" என்று சொந்தக்காரருக்குத் தகவல் வந்தது, பணமிருந்தவற்றில் 51 சதவீதத்துக்கு. திருடன் என்று தன்னைத்தானே நினைத்துக்கொள்ள யாருக்கும் பிடிக்கவில்லை என்பதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். (மீதிப் பேர் எல்லாரும் திருடர்கள் என்றும் இல்லை, பாதிப் பேர் சோம்பேறியாக இருந்திருப்பார்கள்!)

அப்புறம் ஏன் உலகமே கெட்டுப்போன மாதிரி தெரிகிறது? தட்டு நிறையச் சோறு சாப்பிட்டாலும் பல்லில் கடிபட்ட ஒரு கல்தானே நினைவில் நிற்கிறது, அந்த மாதிரிதான். பர்ஸைத் திருப்பிக் கொடுத்தவர் செய்தியில் வரமாட்டார்.

நம்பிக்கை வைப்பது என்றால் ஏமாளியாக இருப்பது என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வழி கேட்பவருக்கு நின்று பதில் சொல்லுங்கள், ஓடிபி கேட்பவருக்குச் சொல்லாதீர்கள்.