பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் திணை, அணி எல்லாம் படைப்புச் செயல்திட்டம் கொடுத்துக் கற்பிக்க முடியுமா? எல்லாரும் கடையில் வாங்கிய படத்தைத்தான் ஒட்டி வருகிறார்கள்.

முடியும். செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கேள்வியைப் படித்தால் நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆன தமிழாசிரியர் என்று தோன்றுகிறது. "ஐந்திணைகளைப் பற்றி ஒரு செயல்திட்டம் தயாரித்து வருக" என்று சொல்லியிருப்பீர்கள். திங்கட்கிழமை காலை மேசை நிறைய சார்ட் சுருள் வந்து குவிந்திருக்கும். பிரித்தால் எல்லாவற்றிலும் ஒரே மலை, ஒரே மயில், ஒரே கப்பல். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதில் பிள்ளைகள் மேல் தப்பு இல்லை. ஃபேன்சி ஸ்டோரில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற ஒன்றைத்தான் நான் கேட்டிருந்தேன்.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் உப்பளத்துக்கோ கடலுக்கோ போகிறவர். இந்தப் பிள்ளைகளுக்குக் கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தல் நிலத்தைப் படம் ஒட்டச் சொன்னோமே என்று பிறகுதான் உறைத்தது. அடுத்த வருடம் சார்ட்டே கூடாது என்றேன். "உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எழுதுங்கள். கீழே எட்டு வரியில் ஒரு பாட்டு. மொத்தம் ஒரே பக்கம். எதை ஏன் போட்டீர்கள் என்று நான் கேட்பேன், பதில் சொல்ல வேண்டும்." அவ்வளவுதான் செயல்திட்டம். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும், கருப்பொருள் என்றால் அந்த நிலத்து மரம், உணவு, தொழில் போன்றவை, உரிப்பொருள் என்றால் அந்தத் திணைக்குரிய உணர்வு.

அந்த வருடம் ஒரு மாணவி கொண்டுவந்த பக்கத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவள் அம்மா அளத்தில் உப்பு வாருகிறவர். நிலம் என்ற இடத்தில் நெய்தல் என்று சரியாக எழுதியிருந்தாள். பொழுது என்ற இடத்தில் வைகறை என்று இருந்தது. நான் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் 'எற்பாடு' என்று எழுதிவிட்டேன். நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை. விடியலுக்கு முந்தைய வைகறை, வயல் நிலமான மருதத்துக்கு உரியது. வருடா வருடம் மனப்பாடம் செய்ய வைக்கிற அட்டவணை இது, கை தானாகவே திருத்திவிட்டது.

அவள் நோட்டை வாங்கிக்கொண்டு போகவில்லை. "டீச்சர், எங்கம்மாவுக்கு எற்பாடே கிடையாது. விடியக்காலம் மூணு மணிக்கு வேன் வந்துரும். வெயில் ஏறுறதுக்குள்ள வாரி முடிச்சாத்தான் உண்டு. எற்பாட்டுல அம்மா தூங்கிட்டு இருப்பாங்க" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவளை அனுப்பிவிட்டு அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தேன். உணவு என்ற இடத்தில், பாடநூலில் இருக்கிற 'மீன், உப்புக்குப் பெற்ற பொருள்' என்பதை அப்படியே எழுதி, அடியில் பென்சிலால் 'அம்மாவின் கூலி, வாரச் சம்பளம்' என்று சேர்த்திருந்தாள். மரம் என்ற இடத்தில் புன்னையும் ஞாழலும் இல்லை, உடைமரம் இருந்தது. உரிப்பொருளில் 'இரங்கல்' என்று போட்டு, பாட்டைத் தம்பி சொல்வதுபோல எழுதியிருந்தாள். டார்ச் வெளிச்சம் வாசலைத் தாண்டிப் போகிறது, அவன் கண்ணை மூடித் தூங்குவதுபோலப் படுத்திருக்கிறான், வேன் சத்தம் தேய்கிறது. எட்டு வரியில் அழுகை என்ற சொல்லே இல்லை.

மறுநாள் வகுப்பில் அவள் கேள்வியையே பாடமாக எடுத்தேன். ஒரு திணைக்குரிய பொழுது இன்னொரு திணையில் வந்து கலப்பதைத் தொல்காப்பியரே ஒத்துக்கொள்கிறார். "உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே" என்பது அகத்திணையியல் நூற்பா, உரிப்பொருள் தவிர மற்றவை கலக்கலாம் என்று பொருள். இதைத்தான் திணைமயக்கம் என்கிறோம். பத்தாம் வகுப்பில் அந்த அளவுக்கு நடத்த வேண்டியதில்லை, நானும் அதுவரை நடத்தியதில்லை. ஆனால் அன்று நாற்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். ஏனென்றால் நூற்பா வருவதற்கு முன்னாலேயே கேள்வி அவர்களிடம் இருந்தது. ஒரு பையன், "அப்போ அவங்கம்மா மருதத்தோட பொழுதுல நெய்தல் வேலை பாக்குறாங்களா டீச்சர்?" என்று கேட்டான். முதற்பொருள், கருப்பொருள் என்று நான் அதுவரை நடத்தியதெல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் அவர்களுக்குள் இறங்கியது.

அணிக்கும் இதே வழிதான். தற்குறிப்பேற்ற அணிக்குப் பாடநூலில் சிலப்பதிகார எடுத்துக்காட்டு இருக்கிறது. மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைவது, கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கைகாட்டித் தடுப்பதுபோல இருந்ததாம். இயல்பாக நடப்பதன் மேல் புலவர் தன் குறிப்பை ஏற்றுகிறார். விளக்கம் கேட்டால் எல்லாரும் ஒப்பிப்பார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் தானாக அசைகிற ஒன்றைப் பார்த்து எழுதி வாருங்கள் என்றேன். எப்போதும் கடைசி பெஞ்சில் இருக்கிற ஒருவன் எழுதினான்: உப்பு அம்பாரத்தின் மேல் வேய்ந்த கீற்று காற்றில் படபடப்பது, 'மழை வருது, இன்னும் லாரி வரலையே' என்று மாரில் அடித்துக்கொள்வதுபோல இருக்கிறது. அவனுக்கு இனி அந்த அணியை யாரும் விளக்க வேண்டாம்.

இலக்கணத்தை இஷ்டத்துக்கு வளைக்கிறாய் என்று சிலர் சொல்வார்கள், தெரியும். அகம் என்றால் தலைவன் தலைவி வாழ்வு, தாய்க்காக மகன் ஏங்குவது அதில் சேராது என்பதை வகுப்பிலேயே தெளிவாகச் சொன்னேன். பொதுத்தேர்வில் நெய்தலுக்கு எற்பாடு என்றுதான் எழுத வேண்டும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். அந்த மாணவியும் அப்படித்தான் எழுதினாள். அட்டவணையை மனப்பாடம் செய்யவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்டவணை தெரிந்திருந்ததால்தான் அவளால் அதோடு சண்டை போட முடிந்தது.

இதைச் செய்ய நேரம் எங்கே என்பீர்கள். அது எனக்கும் ஆறாத ஆத்திரம், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். தேர்வு நெருங்கினால் எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவது தமிழ்ப் பாடவேளைதான். "தமிழ்தானே டீச்சர், அவங்களே படிச்சுக்குவாங்க, இந்த ஒரு பீரியட் கணக்குக்குக் குடுங்க" என்பார்கள். நூலக வேளை எப்போதோ போய்விட்டது. தாய்மொழி என்பதால் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வீட்டில் பேசுகிற தமிழுக்கும் செய்யுளில் இருக்கிற தமிழுக்கும் நடுவே ஒரு பிள்ளை தனியாக நின்று திணறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். ஒருமுறை இந்தச் செயல்திட்டத்துக்கு ஒதுக்கியிருந்த இரண்டு பாடவேளையையும் என்னைக் கேட்காமலேயே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அன்று மதிய உணவு இடைவேளையில் மரத்தடியில் வைத்துத்தான் பிள்ளைகளின் பக்கங்களைக் கேட்டு முடித்தேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் எதுவென்று தெரியாது. வயல் என்றால் வயல், பட்டாசு ஆலை என்றால் பட்டாசு ஆலை, பேருந்து நிலையம் என்றாலும் சரி. உங்களைவிடப் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த இடமாக அது இருக்கட்டும். பாதி மதிப்பெண் பக்கத்துக்கு, மீதிப் பாதி 'இதை ஏன் இங்கே போட்டாய்' என்பதற்குச் சொல்கிற பதிலுக்கு. ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்தால் நாற்பது பேருக்கு மூன்று பாடவேளை ஆகும். கூச்சப்படுகிறவர்களிடம் தனியாகக் கேளுங்கள், வகுப்பு முன்னால் நிறுத்தாதீர்கள். வீட்டு வேலையைச் சொல்ல வெட்கப்படுகிற பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் வேறு யாரைப் பற்றி எழுதினாலும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு தாண்டினால் திருப்புதல் என்று ஆரம்பித்துவிடுவார்கள், ஒரு பாடவேளைகூடக் கையில் நிற்காது. எங்கள் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. அக்டோபரில் மழை இறங்கிவிட்டால் அளத்தில் வேலை நின்றுவிடும், பிள்ளைகள் போய்ப் பார்த்து எழுத அங்கே ஆள் இருக்காது.