பட்டைச் சீனி பேஸ்ட்ரி: பாகு ஏன் ஒழுகுகிறது, அடுக்கு ஏன் எழும்பவில்லை?

கேள்வி: தஞ்சாவூரில் ஒரு கடையில் உறைந்த பஃப் பேஸ்ட்ரி ஷீட் வாங்கி, பஸ்ஸில் மன்னார்குடிக்குக் கொண்டுவந்தேன். உருகிய வெண்ணெய் தடவி, நாட்டுச் சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவி, சுருட்டி வெட்டி, ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனில் 180 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தேன். சர்க்கரை ஒழுகி அடியில் கரி பிடித்துவிட்டது. மேலே சிவந்தாலும் உள்ளே பச்சை மாவு. பப்ஸ் போல அடுக்கு எழும்பவே இல்லை. எங்கே தப்பு? ஓவன் இல்லாத என் தங்கை இதைக் கடாயில் செய்ய வழி உண்டா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தப்பு ஓவனில் தொடங்கவில்லை, பஸ்ஸில் தொடங்கியிருக்கிறது. வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, 180 டிகிரி எல்லாம் அதற்கு மேல் சேர்ந்தவை.

அந்த ஷீட்டுக்குள் மாவும் கொழுப்பும் மாறி மாறி மெல்லிய அடுக்குகளாக இருக்கும். நல்ல சூட்டில் மாவிலிருக்கும் ஈரம் ஆவியாகி மேலே தள்ளும். இடையில் இருக்கும் கொழுப்பு, ஓர் அடுக்கு இன்னொன்றோடு ஒட்டிவிடாமல் பிரித்து வைக்கும். ஆனால் வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துச் சமையலறை மதியத்தில் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். உருகிய வெண்ணெய் மாவுக்குள் ஊறிப்போனால் மிஞ்சுவது நெய் விட்டுப் பிசைந்த மைதாதான். அது ஓவனில் எழும்பாது, எண்ணெய் கக்கும். அடுக்கடுக்காகப் பொரிக்கும் பதிர்பேணி என்ற இனிப்புக்கு நெய்யோடு அரிசி மாவைக் குழைத்துத் தடவுவதால் அந்தப் பூச்சு வெளிச்சூட்டிலும் கொஞ்சம் நிற்கும். இந்த ஷீட்டில் இருப்பதோ வெறும் கொழுப்பு, அதற்குக் குளிர்ச்சி ஒன்றுதான் துணை.

ஆகவே ஷீட்டை எல்லாச் சாமானும் வாங்கி முடித்த பிறகு கடைசியாக எடுங்கள். நாலைந்து சுற்று செய்தித்தாளில் சுற்றி, ஐஸ் பையோடு தெர்மகோல் பெட்டியில் வைத்தால் ஒன்றரை மணி நேரப் பயணம் தாங்கும். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று, ஆனால் வளைகிற மாதிரி இருந்தால் அன்றைக்கே செய்துவிடலாம். ஓரத்தில் கொழுப்பு பிசுபிசுவென்று கசிந்திருந்தால் அதை மறுபடி உறையவைத்துப் பிரயோஜனமில்லை. குழம்பிய அடுக்கு திரும்பி வராது. அதை மெல்லியதாகத் தேய்த்து, சீரகம் தூவிக் காரக் குச்சியாகச் சுட்டுத் தீர்த்துவிடுங்கள்.

உறைந்த ஷீட்டை இளக்குவது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில்தான், மூன்று நான்கு மணி நேரம். மேடையில் வைத்தால் மேல்பக்கம் குழைந்தும் நடுவில் கட்டியாகவும் இருக்கும், மடிக்கும்போது விரிசல் விடும். முனையைத் தூக்கினால் உடையாமல் வளைய வேண்டும். விரலால் லேசாக அழுத்தினால் குழி விழக் கூடாது. இதுதான் பதம்.

இனி பட்டை. மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது தடித்த, முரடான, ஒற்றை மடிப்பாகச் சுருண்ட காசியா வகை. பிரியாணிக்கும் குருமாவுக்கும் அது சரி. இனிப்பில் அதன் காரம் கொஞ்சம் முந்தி நிற்கும். சுருள் பட்டை என்று விற்கும் இலங்கை வகை, மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, கையால் ஒடித்தால் நொறுங்கும். விலை அதிகம், வாசனை மென்மை. இந்தப் பண்டத்துக்கு அதுவே பொருத்தம். காசியாதான் இருக்கிறதென்றால் அளவில் கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் வறுக்க வேண்டாம், வாசனை எண்ணெய் பறந்துவிடும். ஈரமாகத் தோன்றினால் நிழலில் ஒரு நாள் உலர்த்தி, மிக்ஸியில் அடித்து, மெல்லிய சல்லடையில் சலித்துவிடுங்கள். சலிக்காத பொடி நாக்கில் மரத்தூள் போல நெருடும். ஏலக்காயும் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். சேர்த்தால் பட்டை அடங்கி, பண்டம் பால்கோவா மணக்க ஆரம்பித்துவிடும். வேண்டாம்.

நாட்டுச் சர்க்கரையை உள்ளே போடாதீர்கள். அதில் ஈரம் உண்டு, குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் உண்டு. வெள்ளைச் சீனிக்கு முன்னாலேயே அது கருகும். சீனியை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு, ரவை பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கும் நைசாக அரைத்தால் சீக்கிரம் கரைந்து ஒழுகும். முழுப் பரலாகவே விட்டால் தேய்க்கும்போது மாவைக் கிழிக்கும்.

250 கிராம் ஷீட் ஒன்றுக்கு 60 கிராம் சீனி, ஒன்றரை டீஸ்பூன் பட்டைப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு போதும். கலந்ததில் இருபது கிராமைத் தனியே எடுத்து வையுங்கள், அது கடைசியில் மேலே புரட்ட. மீதியில் ஒரு டீஸ்பூன் மைதா சேர்த்தால் உருகும் பாகை அது கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். உருகிய வெண்ணெய் தடவுவதை அடியோடு விட்டுவிடுங்கள். ஷீட்டில் இருக்கிற கொழுப்பே தாராளம். நீங்கள் தடவிய வெண்ணெய்தான் உருகிய சர்க்கரையை இழுத்துக்கொண்டு தட்டுக்கு வந்தது. நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் தண்ணீர் ஒரு தரம் தொட்டால் போதும், சீனி ஒட்டும்.

சுருட்டி வெட்டும் வடிவத்தையும் இப்போதைக்கு விடுங்கள். சுருளின் நடுவுக்குச் சூடு போய்ச் சேருவதற்குள் வெளியே கருகிவிடும், உங்கள் பச்சை மாவுக்கு அதுவும் ஒரு காரணம். முறுக்கிய குச்சிதான் புதிதாகச் செய்பவர்களுக்குச் சுலபம். முதலில் ஒரு தாம்பாளத்தில் ஐஸ் கட்டி போட்டு மேடையில் பத்து நிமிஷம் வைத்துவிட்டு, ஈரம் துடைத்து, அந்த இடத்தில் ஷீட்டை விரியுங்கள். 25 சென்டிமீட்டர் சதுரம் என்றால், பாதியில் மட்டும் சீனிக் கலவையைத் தூவி, மூன்று ஓரத்திலும் அரை சென்டிமீட்டர் வெறுமனே விட்டு, மறுபாதியை அதன் மேல் மடித்து, பூரிக்கட்டையால் ஒரே தரம் லேசாக உருட்டுங்கள். நீளப் பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினால் பன்னிரண்டு துண்டு வரும். கத்தி நல்ல கூராக இருக்க வேண்டும். நேராக அழுத்தி வெட்டுங்கள், அறுப்பது போல இழுக்காதீர்கள். மொட்டைக் கத்தி ஓரத்து அடுக்குகளை நசுக்கி ஒட்டவைத்துவிடும், அந்தப் பக்கம் எழும்பாது. ஒவ்வொரு துண்டையும் மூன்று முறுக்கு முறுக்கி, இரு முனையையும் தட்டில் அழுத்தி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஓவனில் முறுக்கு பிரிந்துவிடும்.

இந்த வேலை பத்து நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். சீனி மாவின் ஈரத்தை இழுக்கும். தூவிவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தால் மடிப்புக்குள் பாகு சேர்ந்துவிடும். நடுவில் மாவு குழைகிறதென்று தெரிந்தால் பாதி வேலையிலேயே ஃப்ரீசரில் வைத்துவிடலாம், தப்பில்லை. முறுக்கி முடித்ததும் தட்டோடு கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைப்பதை மட்டும் எந்த மாதத்திலும் விடாதீர்கள்.

தட்டில் விரிக்கும் தாளைக் கவனியுங்கள். பொட்டலம் மடிக்க விற்கும் பட்டர் பேப்பரில் சில மெழுகு பூசியவை, சூட்டில் புகையும். பேக்கிங்குக்கென்று விற்கும் பார்ச்மெண்ட் தாளைக் கேட்டு வாங்குங்கள். கறுப்புத் தட்டு அடிச்சூட்டை அதிகம் இழுக்கும். அப்படியானால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு வைத்தால் அடி கருகாது.

ஓடிஜியை மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, 200 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்குங்கள். 180-இல் வைத்தால் ஆவி கிளம்புவதற்குள் கொழுப்பு உருகி வழிந்துவிடும். நடுத்தட்டில் 200-இல் 12 நிமிஷம், பிறகு 180-க்குக் குறைத்து 6 முதல் 8 நிமிஷம். முதல் பத்து நிமிஷம் கதவைத் திறக்காதீர்கள். ஓடிஜியின் திருகு காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே தொங்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நிறத்தை மேலே பார்த்தால் போதாது, ஒரு குச்சியைப் புரட்டி அடியைப் பாருங்கள். அடி தேன் நிறத்துக்கு வந்திருந்தால் எடுத்துவிடலாம். வெளியே எடுத்ததும் ஒரு நிமிஷத்துக்குள் தாளிலிருந்து கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள், ஆறினால் பாகு இறுகிப் பிடித்துக்கொள்ளும். பாகு கையில் பட்டால் பொத்துவிடும், இடுக்கி வையுங்கள். கைபொறுக்கும் சூட்டில் துளி வெண்ணெய் தொட்டு, எடுத்து வைத்த சீனியில் புரட்டுங்கள். கருகும் பயம் இல்லாமல் பட்டை வாசனை முழுசாகக் கிடைப்பது இந்தக் கடைசிப் பூச்சில்தான்.

ஷீட் வாங்கத் தஞ்சாவூர் போக முடியாவிட்டால், தெரிந்த பேக்கரியில் காலையில் பப்ஸ் மாவைக் கேட்டுப் பாருங்கள். பேக்கரி மாவு பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதிலான மார்கரின் என்ற கொழுப்பில் செய்வது. அதன் உருகுநிலை வெண்ணெயைவிட அதிகம் என்பதால் நம் வெயிலில் கையாளச் சுலபம், நன்றாகவும் எழும்பும். சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு போல ஒரு படலம் நிற்பதுதான் குறை. உப்பு தூக்கலாக இருந்தால் சீனிக் கலவையில் உப்பு சேர்க்க வேண்டாம். இதயத்துக்கு ஆகாத ட்ரான்ஸ் கொழுப்பு இதில் இருக்குமோ என்ற கவலைக்கு: எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் விதி. பாக்கெட் ஷீட்டாக இருந்தால் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்தே வாங்கலாம்.

உங்கள் தங்கைக்கு: உப்பு பரப்பிய கடாயில் கேக் வேகும், இது அவ்வளவாக வராது. கீழே மட்டும் சூடு, மேலிருந்து இல்லை. மூடியில் கோக்கும் ஆவி சொட்டி மேல்பக்கம் வெளுத்தே கிடக்கும். ஆசைப்பட்டால் முறுக்காமல், மூன்று மில்லிமீட்டர் தடிமனில் சின்னச் சதுரமாக வெட்டி, சீனி போடாமல் கனமான தோசைக்கல்லில் சிறுதீயில் மூடி, ஒரு பக்கம் ஆறேழு நிமிஷம், திருப்பி மூடாமல் இன்னொரு ஆறேழு நிமிஷம் வேகவிடச் சொல்லுங்கள். சீனியை எடுத்த பிறகு புரட்ட வேண்டும். அடுக்கு பாதிதான் வரும், மொறுமொறுப்பு இருக்கும். எண்ணெயில் பொரிப்பது வேண்டாம், குடித்துவிடும்.

சுட்ட குச்சி நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். வெயில் காலத்தில் இரண்டு நாள் மொறுமொறுப்பாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேல்சீனி காற்றின் ஈரத்தை இழுத்து மறுநாளே நமத்துவிடும். 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் வைத்தால் மீளும், மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் துவளும். மழைக் காலத்தில் எல்லாவற்றையும் சுடாமல், முறுக்கிய பச்சைக் குச்சிகளைத் தட்டில் உறையவைத்து, பிறகு ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் கெடாது. வேண்டும்போது இளக்காமல் அப்படியே ஓவனில் வைத்து, நேரத்தில் மட்டும் மூன்று நிமிஷம் கூட்டிக்கொள்ளுங்கள்.