சிறு தொழிலுக்கு இலக்கு வைப்பது உதவுமா? மாவு விற்கிற என் கணக்கு

கேட்டிருக்கும் கேள்வி இதுதான்: "சின்ன அளவில் தொழில் செய்கிறேன். வருடத்துக்கு ஒரு இலக்கு வை, திட்டம் போட்டு நட என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். உண்மையிலேயே அது உதவுகிறதா? எப்படிப் போடுவது?"

உதவும். ஆனால் எதை இலக்காக வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தப்பான ஒன்றை இலக்காக வைத்து, அதை எட்டியும் பிடித்து, அதற்குப் பிறகும் கையில் காசில்லாமல் நின்றவள் நான். அதனால் பொதுவாகச் சொல்வதைவிட என் கணக்கையே எழுதுகிறேன், உங்கள் தொழிலுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

திருச்சி உறையூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு டில்டிங் கிரைண்டர், உதவிக்கு ஒரு அக்கா, கடைகளுக்குப் போட வீட்டுக்காரரும் ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லும். இரண்டு வருடத்துக்கு முன்பு தை மாதம், ஒரு நாளைக்கு 150 கிலோ போய்க்கொண்டிருந்தது. வருடம் முடிவதற்குள் 300 ஆக்கிவிட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி அரைக்கிற இடத்துச் சுவரில் ஒட்டினேன். வயலூர் ரோடு, புத்தூர், தில்லை நகர் என்று இவர் கடை கடையாக ஏறி இறங்கினார். 20 கடை 48 கடை ஆனது. ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னாலேயே 300 வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அதற்கு அடுத்த மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை கேட்டார், "ஏம்மா, அவ்வளவு மாவு போகுதுங்கிறீங்க, நகை மட்டும் இன்னும் பேங்க்லயே இருக்கே?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் பதில் இல்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

அப்போதைய கணக்கு இது. 4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உப்பு. அரைத்தால் பதினொன்றரை கிலோ அளவுக்கு மாவு வரும். கிலோவுக்குச் சரக்கு மட்டும் 28 ரூபாய். கவர் 2 ரூபாய், கரண்ட், ஆள் கூலி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 5. ஆக அடக்கம் 35. கடைக்கு 40க்குப் போடுகிறேன், கடைக்காரர் 50க்கு விற்கிறார். அப்படியென்றால் கடைக்குப் போகிற ஒரு கிலோவில் எனக்கு நிற்பது 5 ரூபாய். வீட்டு வாசலில் வந்து வாங்குகிறவர்களுக்கு நானே 50க்குக் கொடுக்கிறேன், அதில் 15 நிற்கும்.

இதுவரை எனக்குத் தெரிந்ததுதான். தெரியாமல் போனது திரும்பி வருகிற மாவு. எங்கள் பக்கம் கடைக்காரர்கள் மாவை மொத்தமாக எடுத்துக்கொள்வதில்லை, விற்றதற்குத்தான் காசு, விற்காததை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். 20 கடை இருந்தபோது நாளைக்கு ஒரு கிலோ பாக்கெட் 5 திரும்பும், அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 48 கடை ஆனபோது 30 பாக்கெட். சாயங்காலம் இவர் வண்டியில் இருந்து கிரேட்டை இறக்கினாலே புளித்த வாடை வரும். கவரெல்லாம் தலையணை மாதிரி உப்பி, சிலது ஓரத்தில் வெடித்து வண்டியில் கால் வைக்கிற இடத்தில் ஒழுகி, காய்ந்து ஒட்டியிருக்கும். ராத்திரி கடையடைக்கும்போது ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகிற கடைகள் உண்டு, அங்கே வைத்த மாவு மறுநாள் மதியமே தாங்காது.

ஒரு பாக்கெட் திரும்பினால் 35 ரூபாய் போச்சு. கடையில் 7 பாக்கெட் விற்றால்தான் அந்த 35 வரும். இதை எழுதிப் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. கூடுதலாகப் போட்ட 150 பாக்கெட்டில் 25 திரும்பி வந்தது. விற்ற 125க்கு 5 ரூபாய் வீதம் 625 வரவு. திரும்பிய 25க்கு 35 வீதம் 875 நஷ்டம். அதாவது 150 கிலோ மாவைக் கூடுதலாக அரைத்து, சுமந்து, நாள் ஒன்றுக்கு 250 ரூபாயை இழந்துகொண்டிருந்தோம். இது போக கடைகளில் நிலுவை மட்டும் 80 ஆயிரத்தைத் தாண்டி நின்றது. அந்த 80 ஆயிரத்துக்கு அரிசியும் உளுந்தும் நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், நகை வைத்த பணம் அங்கேதான் இருந்தது.

இன்னொன்றும் பிறகுதான் புரிந்தது. நாளைக்கு 300 கிலோ என்றால் வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டிவிடும். பொருள் விற்பவர்களுக்கு ஒரு நிதியாண்டில் 40 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வரி கட்டக் கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் கிலோவுக்கு 5 ரூபாய் நிற்கிற தொழிலில் அப்படி ஒரு கோடு எதிரே இருப்பது தெரியாமலே அதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன்.

திட்டமே இல்லாமல் இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. கிரைண்டருக்கு முத்ரா கடன் வாங்கியபோது வங்கிக்குக் கொடுக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒன்று தயார் செய்தோம். முதல் வருடம் 60 சதவீத உற்பத்தி, அடுத்த வருடம் 70, அதற்கடுத்து 80 என்று அழகாக அட்டவணை இருந்தது. கடன் வாங்க அது வேண்டும், சரி. ஆனால் அதில் திரும்பி வருகிற பாக்கெட்டுக்கு ஒரு வரி கூட இல்லை. கடன் கிடைத்த பிறகு நானும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

சரி, இப்போது எப்படிப் போடுகிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதினேன். பெரும்பாலானவர்கள் இதைக் கடைசியில்தான் எழுதுகிறார்கள், மிஞ்சினால் வீட்டுக்கு என்று. நானும் அப்படித்தான் இருந்தேன், கல்லாவில் இருந்து காய்கறிக்கு 200, பிள்ளைக்கு 500 என்று எடுத்துக்கொண்டே இருப்போம், மாசக் கடைசியில் தொழில் சம்பாதித்ததா நஷ்டமா என்றே தெரியாது. இப்போது வீட்டுக்கு 30,000 என்பது என் சம்பளம். அரைக்கிற இடத்து வாடகை 7,000, கடன் தவணை 6,500, கிரைண்டர் ரிப்பேர், கல் கொத்துவது, தீபாவளிக்கு அக்காவுக்குக் கொடுக்க வேண்டியது எல்லாவற்றுக்கும் மாதம் ஒதுக்குவது 2,500, சேமிப்பு 2,000. மொத்தம் 48,000. நாளைக்கு 1,600.

இந்த 1,600ஐ எந்த மாவு கொடுக்கும் என்று பின்னாலிருந்து போட்டேன். வாசலில் 80 கிலோ விற்றால் 1,200. கடையில் 110 விற்றால் 550. மொத்தம் 1,750. 4 பாக்கெட் திரும்பினால் 140 கழியும், 1,610 நிற்கும். அவ்வளவுதான் என் இலக்கு: வாசலில் 80, கடையில் 110, திரும்புவது 4க்குள். 190 கிலோவே போதும். 300ஐ எழுதிய தாளைக் கிழித்துவிட்டு இந்த மூன்று எண்ணை எழுதி ஒட்டினேன்.

அப்போது வாசலில் போனது 40 கிலோதான், 80 ஆக வேண்டும். மூன்று மாதத்துக்கு இந்த ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். சொந்தத் தூக்குச்சட்டி கொண்டு வந்தால் 48 ரூபாய், கவர் காசு எனக்கு மிச்சம் என்பதால் அவர்களுக்குக் குறைத்ததில் நஷ்டம் இல்லை. சாயங்காலம் 4 மணிக்கு வாட்ஸ்அப்பில் "இப்போ அரைச்சது ரெடி" என்று ஒரு செய்தி. சுற்றியுள்ள எட்டுத் தெருவுக்கு மேல் அதை அனுப்பவில்லை. தூக்கோடு வருகிறவர்கள் கண் முன்னால் கிரைண்டரில் இருந்து வழித்துப் போடுவதைப் பார்க்கிறார்கள், அதுவே அவர்களை மறுபடியும் வரவழைக்கிறது. 80 வர ஐந்து மாதம் ஆனது, மூன்றில் வரவில்லை. பரவாயில்லை, எண் எது என்று தெரிந்திருந்ததால் எவ்வளவு பாக்கி என்பதும் தெரிந்தது.

அதே சமயம் 28 கடையை விட்டோம். இவருக்கு அதில் மனசே இல்லை, ஒவ்வொரு கடையும் அவர் வெயிலில் நின்று பிடித்தது. கடைக்கு ஒரு பக்கம் வைத்து இரண்டு வாரம் எழுதினோம், 5 வைத்தால் 2 திரும்புகிற கடைகளுக்கு முதலில் 3 ஆகக் குறைத்தோம், அப்போதும் திரும்பியதை நிறுத்தினோம். நிலுவைக்கும் ஒரு விதி: நேற்று வைத்ததற்குக் காசு வந்தால்தான் இன்றைக்குச் சரக்கு. இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள்.

ஹாஸ்டல், கேன்டீன் மாதிரி மொத்தமாக வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுக்கிற இடங்களுக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று. குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தருகிற உத்யம் பதிவைக் கட்டாயம் செய்து வையுங்கள், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் இலவசமாகவே முடியும். 2006ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி நம்மைப் போன்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். 2024 ஏப்ரலில் இருந்து வருமான வரிச் சட்டத்திலும் இதைச் சேர்த்திருக்கிறார்கள், அந்த நாளுக்குள் தராத தொகையை வாங்கியவர் தந்த பிறகுதான் செலவுக் கணக்கில் காட்டிக்கொள்ள முடியும். ஒரு இடத்தில் மூன்று மாதப் பாக்கி இருந்தது, பில்லில் உத்யம் எண்ணைப் போட்டு இந்த விஷயத்தை மரியாதையாக ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தேன், பத்து நாளில் வந்தது.

அப்புறம் வருடத் திட்டம். அதற்கு எனக்கு நாள்காட்டியை விட நல்ல கருவி கிடையாது. தினசரி கிழிக்கிற நாள்காட்டி வந்ததும் தை மாதமே உட்கார்ந்து முழுவதையும் புரட்டிக் குறித்துவிடுவேன். அமாவாசைக்கு ராத்திரி பலகாரம் சாப்பிடுகிற வீடுகள் அதிகம், அன்றைக்கு வாசலில் 30 கிலோ கூடும். ஏகாதசிக்கு அரிசி சேர்க்காதவர்கள் எங்கள் பக்கம் நிறைய, வைகுண்ட ஏகாதசி அன்று பாதிதான் அரைப்பேன். தீபாவளிக்கு முந்தின நாள் வருடத்திலேயே பெரிய நாள், மறுநாள் காலையில் இட்லி இல்லாத வீடு இருக்காது. அதற்கு அடுத்த நாள் ஈ ஓட்ட வேண்டியதுதான், இது தெரியாமல் ஒரு வருடம் வழக்கம் போல அரைத்து 60 கிலோ வீணானது. சித்திரை, வைகாசியில் மாவு சீக்கிரம் புளிக்கும், ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தாலும் கடைக்கு வைக்கிற அளவைக் குறைத்தே ஆக வேண்டும், ஆக அந்த இரண்டு மாதத்தில் 1,600 வராது. மார்கழிக் குளிரில் புளிக்கவே நேரமாகும், திரும்புவதும் குறைவு. எந்த மாதம் மெலியும் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஜூனில் வருகிற பள்ளிக் கட்டணத்துக்குத் தையிலேயே எடுத்து வைக்கலாம், மே மாதக் கடைசியில் யாரிடம் கேட்பது என்று நிற்க வேண்டாம்.

உளுந்துக்கும் அதே நாள்காட்டிதான். டெல்டாவில் நெல் அறுத்த வயலில் போடுகிற உளுந்து பங்குனி, சித்திரையில் வரும். புது உளுந்து நன்றாகக் காணும், ஆட்ட ஆட்டப் பொங்கிக்கொண்டு வரும். அந்தச் சமயத்தில் காந்தி மார்க்கெட்டில் நான்கு மூட்டை சேர்த்து எடுக்க, மாசியில் இருந்தே தனியாகப் பணம் ஒதுக்குகிறேன்.

இதையெல்லாம் எப்போது பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது, அதனால் திங்கள் மதியம் 3 மணி. அரை மணி நேரம், நானும் இவரும். நோட்டில் ஐந்து கட்டம்தான்: அரைத்தது, வாசல், கடை, திரும்பியது, நிலுவை. போன வாரத்தைவிட எது மோசமாகியிருக்கிறதோ அதைப் பற்றி மட்டும் பேசுவோம், மற்றதைத் தொட மாட்டோம். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் பேசி, சண்டை வந்து, இரண்டு வாரம் நோட்டையே எடுக்காமல் விட்டோம்.

நீங்கள் என்ன தொழில் என்று எழுதவில்லை. ஆனால் என் மாவு மாதிரி உங்களுக்கும் திரும்பி வருவது ஒன்று இருக்கும். தையல்காரருக்கு அளவு சரியில்லை என்று வருகிற ரவிக்கை, மெஸ்ஸுக்கு மீந்த சாதம், திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுப்பவருக்கு செக்கிங்கில் தள்ளுபடியாகிற பீஸ், மளிகைக் கடைக்கு வராத பாக்கி. அது ஒன்றுக்கு உங்களுக்கு எவ்வளவு போகிறது, அதை ஈடுகட்ட எத்தனை விற்க வேண்டும் என்று இன்றைக்கு ராத்திரியே எழுதிப் பாருங்கள். வீட்டுக்கு வேண்டிய தொகையை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் இலக்கு என்ன எண் என்பது அந்த இரண்டில் இருந்துதான் வரும், அது நீங்கள் நினைத்திருந்ததைவிடச் சின்னதாகவும் இருக்கலாம்.

சங்கிலியைப் போன ஆவணியில் மீட்டுவிட்டோம். அத்தையின் வளையல் இரண்டு இன்னும் பேங்கில் இருக்கிறது. அதற்கு நாளைக்கு 100 ரூபாய், அதாவது வாசலில் இன்னும் 7 கிலோ. நாள்காட்டியில் பங்குனி உத்திரத்துத் தாளில் "வளையல்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.