அவருக்கு வேறு என்ன வேலை?

கேள்வி: ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். விக்டோரியா காலப் பெண் நாவலாசிரியர்களின் எழுத்தில் புகழும் ஒழுக்கமும் என்பது தலைப்பு. கதைகளும் எழுதுவேன். போன மாதம் ஒரு வார இதழில் என் பேட்டி படத்தோடு வந்தது. “குடும்பப் பெண்ணுக்கு எதுக்கு இந்தப் பேரும் புகழும்?” என்கிறார் கணவர். நான் சாயங்காலம் எழுத உட்காரும்போது பிள்ளையை நாத்தனார் பார்த்துக்கொள்வார். கல்யாணம் ஆகாதவர், அவருக்கு வேறு என்ன வேலை? ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் எழுதிய நாவலாசிரியையின் நாயகி ஆர்ம்கார்ட், கலைக்காகக் கல்யாணத்தையே வேண்டாம் என்றாள். அவளைப் போன்றவர்களை அந்தப் பெண் எழுத்தாளர்களே ஏன் கடைசியில் தண்டித்தார்கள்? புகழை விரும்புவது தப்பா?
— வாசகி, கும்பகோணம் (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: தப்பில்லை. அந்தக் கேள்விக்கு இவ்வளவுதான் பதில்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ராபர்ட் சௌதி 1837லேயே சொல்லிவிட்டார். கவிதை அனுப்பி அபிப்பிராயம் கேட்ட இருபது வயதுப் பெண்ணுக்கு, இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று பதில் எழுதினார். அந்தப் பெண் ஷார்லட் பிராண்டி. பணிவாக நன்றி சொன்னார், கடிதத்தைப் பத்திரமாக எடுத்துவைத்தார், பத்து வருடத்தில் ‘ஜேன் அயர்’ நாவலை எழுதினார். இன்றைக்கு சௌதியை யார் படிக்கிறார்கள்? வீட்டில் இதைச் சொல்லுங்கள். கேட்டால் கேட்கட்டும்.

நான் தடுக்கி நின்ற இடம் வேறு. நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆர்ம்கார்டுக்கு ஒரு பக்கத்துக்கு மேல். நாத்தனாருக்கு ஒரே வரி. அவர் வயதென்ன, என்ன படித்தார், எப்போதிலிருந்து அந்த வீட்டில் இருக்கிறார், எதுவும் இல்லை. “அவருக்கு வேறு என்ன வேலை” என்று முடித்துவிட்டீர்கள். இந்த மாதிரி வரி எனக்கு வரும் கடிதங்களில் நிறைய உண்டு. பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் இருக்கும்.

சரி, நீங்கள் அழைத்துவந்த சாட்சியையே விசாரிப்போம். ‘ஆர்ம்கார்ட்’ 1871ல் வந்த கவிதை நாடகம். மேடையில் கொடிகட்டிப் பறக்கும் பாடகி அவள். பிரபு ஒருவர் மணக்கக் கேட்கிறார், மறுக்கிறாள். என் கலையில் மகிழாதவனை நான் எப்படி மணப்பது என்கிறாள். இதுவரை நீங்கள் எழுதியது சரி. அப்புறம் நோய் வந்து குரல் போய்விடுகிறது. இனி நானும் லட்சோபலட்சம் சாதாரணப் பெண்களில் ஒருத்தியா என்று துடிக்கிறாள். நீங்கள் இதைத் தண்டனை என்கிறீர்கள். ஆனால் அந்த அறையில் இன்னொருத்தி இருக்கிறாளே, அவளை எங்கே விட்டீர்கள்?

வால்புர்கா. கால் ஊனமான உறவுக்காரப் பெண். அத்தனை நாளும் ஆர்ம்கார்டுக்குப் பணிவிடை செய்து, அவள் வெற்றியையே தன் சந்தோஷமாக வைத்துக்கொண்டிருந்தவள். குரல் போனதற்கு ஆர்ம்கார்ட் புலம்பும்போதுதான் வெடிக்கிறாள். உனக்கு மரணமாகத் தெரிகிற இந்த வாழ்க்கையைத்தானே நான் இவ்வளவு காலம் வாழ்ந்தேன், அதை நீ ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தாயா என்கிற மாதிரி கேட்கிறாள். ஆய்வேடு எழுதுகிறவர் நீங்கள். அந்த நாடகத்தின் உயிரே இருக்கிற பக்கத்தை எப்படித் தாண்டிப் போனீர்கள்? எனக்குக் காரணம் தெரியும். வீட்டிலேயே தாண்டிப் பழகிவிட்டது.

எலியட் புகழைத் தண்டித்தார் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் வாயில் விழுந்து எழுந்தவர் அவர். மனைவி உயிரோடிருந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸுடன் 1854லிருந்து சேர்ந்து வாழ்ந்ததற்காக, கூடப்பிறந்த அண்ணன் இருபது வருடத்துக்கு மேல் பேசவில்லை. 1880ல் வேறொருவரை முறைப்படி மணந்த பிறகுதான் வாழ்த்துக் கடிதம் வந்தது. (ஒழுக்கம் என்று ஊர் சொல்வதில் எவ்வளவு வெறும் சடங்கு என்பது அவருக்கு உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரியும்.) ஆனால் 1869ல், லூயிஸின் மகன் தார்ன்டன் முதுகெலும்பு நோயோடு தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியபோது, அவனைப் பல மாதம் பார்த்துக்கொண்டார். அவர் பெற்ற பிள்ளை இல்லை. உச்சப் புகழில் இருந்த சமயம், ‘மிடில்மார்ச்’ நாவல் கையில் இருந்தது. அக்டோபரில் பையன் இறந்துபோனான். ‘ஆர்ம்கார்ட்’ அதற்குப் பிறகு எழுதியது. வால்புர்கா எங்கிருந்தோ வந்து குதிக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிராண்டி வீட்டிலும் ஒரு சங்கதி உண்டு. நாவலாசிரியை எலிசபெத் காஸ்கெல் 1857ல் எழுதிய ஷார்லட்டின் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. வீட்டு வேலை பார்த்த டாபிக்கு எண்பதை நெருங்கும் வயது. கண் மங்கிவிட்டது, உருளைக்கிழங்கைச் சீவும்போது கிழங்கின் கறுப்புக் கண்கள் (முளைப் புள்ளிகள்) அப்படியே நின்றுவிடும். சின்ன வேலைக்காரியைச் செய்யச் சொன்னால் கிழவி மனம் நோகும். அதனால் ஷார்லட், எழுத்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய், பாத்திரத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவந்து, அந்தக் கண்களை நோண்டிவிட்டுத் திரும்ப வைத்துவிடுவாராம். உங்கள் ஆய்வில் ஒழுக்கம் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு நான் இந்தக் கிழங்குப் பாத்திரத்தைத்தான் காட்டுவேன்.

நான் பழைய காலத்து மனுஷி. குடும்பத்தில் ஒருவர் எழுத இன்னொருவர் பிள்ளை தூக்குவது நல்ல விஷயம் என்று நம்புகிறவள். ஆனால் அது கடன். கடன் வாங்கியவர், கொடுத்தவருக்கு வேறு வேலை இல்லை என்று சொல்லலாமா? பேட்டியில் அவர் பெயர் வந்ததா? வந்திருந்தால் எனக்கு எழுதியிருப்பீர்கள். அந்த இதழை அவர் கையில் கொடுத்தீர்களா? புகழை உங்களுக்கு மறுக்கிறார் என்று கணவர்மேல் கோபப்படுகிறீர்கள். நாத்தனார் விஷயத்தில் நீங்களும் அவரும் ஒரே கட்சி.

நாடகத்தின் கடைசியில் ஆர்ம்கார்ட் சின்ன ஊர் ஒன்றில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். எந்த ஊர் தெரியுமா? ஃப்ரைபுர்க். தனக்காக வால்புர்கா விட்டுவந்த ஊர்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நாத்தனார் எங்கே போக ஆசைப்படுகிறாரோ போய்வரட்டும். திரும்பி வந்ததும், இந்த வீட்டில் பிள்ளை பார்க்க வருவதற்கு முன்னால் என்ன செய்ய நினைத்திருந்தார் என்று கேளுங்கள். அதை எனக்கு எழுதுங்கள், இந்தத் தடவை ஒரு வரியில் வேண்டாம்.